ஒரே மலை, ஒரே மூங்கில்: சீன ஓவியத்தில் புதிதாக எதுவுமே இல்லையா?

பிப்ரவரி 8 (வாசகர் கேள்வி)

"மியூசியத்துல ரொம்ப நேரம் சுத்திப் பார்த்தேன். மலை, மூடுபனி, மூங்கில், ஒரு கிழவர், ஒரு குடிசை. அடுத்த அறையிலும் அதேதான். கீழே போட்டிருக்கிற வருஷத்தைப் பார்த்தா ரெண்டு படத்துக்கும் நடுவுல 400 வருஷம்! நிழல் கிடையாது, பெர்ஸ்பெக்டிவ் கிடையாது, படத்து மேலயே கண்டவன் சீல் குத்தி வச்சிருக்கான். ஆயிரம் வருஷமா காப்பி அடிச்சதைத்தான் பாரம்பரியம்னு சொல்றாங்களா?"

பிப்ரவரி 8, இரவு

காப்பி அடித்தார்கள். ஒளித்தும் செய்யவில்லை, "இன்னாரின் பாணியைப் பின்பற்றி" என்று படத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 6ஆம் நூற்றாண்டில் ஷியே ஹ என்ற ஓவிய விமர்சகர் வகுத்த ஆறு விதிகளில் கடைசி விதியே பழைய படங்களைப் பார்த்து வரைந்து பழகுவதுதான். முதல் விதி, படத்தில் மூச்சு ஓட வேண்டும் என்பது. கடைசி விதியில் கை பழகாதவனுக்கு முதல் விதி வசப்படாது என்பது அவர்கள் கணக்கு.

பெர்ஸ்பெக்டிவ் (ஒரே இடத்தில் நின்று பார்க்கும் கண்ணுக்குத் தெரிகிறபடி தூரத்தை வரைவது) பற்றி நாளை எழுதுகிறேன். அதை ஒரே வரியில் தள்ளிவிட முடியாது.

பிப்ரவரி 9

பெர்ஸ்பெக்டிவ் அவர்களுக்குத் தெரியாது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். தெரியும். வேண்டாம் என்று வைத்தார்கள்.

10ஆம் நூற்றாண்டில் லி செங் என்றொரு பெரிய ஓவியர். மலைமேல் இருக்கும் மண்டபங்களை, கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவன் கண்ணுக்குத் தெரிகிறபடி, கூரையின் அடிப்பக்கத்து மரச்சட்டங்கள் தெரிய வரைந்தார். அடுத்த நூற்றாண்டில் ஷென் குவோ (1031–1095) இதைப் பிடித்துக்கொண்டு திட்டியிருக்கிறார். அவர் வானியல், கணிதம், காந்த ஊசி என்று எதையும் விட்டுவைக்காத ஆள். அவருடைய வாதம் எளிமையானது. மலையைக் கீழே நின்று பார்த்தால் முன்னால் இருக்கும் ஒரு மலைதான் தெரியும். அதன் பின்னால் இருக்கும் மடிப்புகளும் பள்ளத்தாக்கும் எப்படித் தெரியும்? பெரியதைச் சிறியதாக்கி, தோட்டத்தில் வைத்த செயற்கைக் குன்றைப் பார்ப்பதுபோல் மனத்தால் பார்க்க வேண்டும். லி செங்குக்கு அது புரியவில்லை, கூரையைத் தூக்கிக் காட்டுகிறார் என்று முடிக்கிறார்.

ஒரே இடத்தில் நின்று பார்க்கும் கண்ணை ஒருவர் வரைந்து காட்டினார், இன்னொருவர் அதைக் குறை என்று எழுதினார். இத்தாலியில் பெர்ஸ்பெக்டிவை விதியாக்கிய புருனெல்லெஸ்கி பிறப்பதற்குக் கிட்டத்தட்ட 300 வருஷம் முன்பே இந்தச் சண்டை நடந்து முடிந்துவிட்டது.

அதே காலத்து ஓவியர் குவோ ஷி மூன்று தூரங்கள் என்று பிரித்தார். அடிவாரத்திலிருந்து சிகரத்தை நோக்குவது உயரத் தூரம். மலைக்கு முன்னால் நின்று பின்னால் இருப்பதை எட்டிப் பார்ப்பது ஆழத் தூரம். இங்கிருக்கும் மலையிலிருந்து தொலைவில் இருக்கும் மலையை நோக்குவது சமத் தூரம். 1072இல் அவர் வரைந்த "வசந்தத்தின் தொடக்கம்" தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று தூரமும் அந்த ஒரே படத்தில் உண்டு. எங்கே நின்று பார்க்கிறோம் என்று தேடினால் கிடைக்காது, நடந்துகொண்டே இருக்க வேண்டும். நல்ல மலைப்படம் என்பது நடக்கவும் பார்க்கவும் மட்டுமல்ல, சுற்றித் திரியவும் குடியிருக்கவும் இடம் தர வேண்டும் என்பது அவர் கொள்கை.

நிழலுக்கு வருவோம். இத்தாலியிலிருந்து 1715இல் பெய்ஜிங் வந்த காஸ்டிலியோனே என்ற யேசு சபைச் சகோதரர் அரண்மனையில் மூன்று பேரரசர்களுக்கு வரைந்தார். ஐரோப்பிய முறை அங்கே எல்லோருக்கும் கண்ணெதிரே இருந்தது. அதே அரண்மனையில் இருந்த ஸோ யிகுவெய் அதைப் பார்த்து எழுதிய தீர்ப்பு: சுவரில் வீடு வரைந்தால் உள்ளே நடந்து போகலாம் போலிருக்கிறது, அளவு பிசகவில்லை, ஆனால் தூரிகை வேலை என்று ஒன்றுமே இல்லை, இது கைவினை, ஓவியம் என்று தரம் பிரிக்க முடியாது.

திமிர்தான். ஆனால் அறியாமை இல்லை.

பிப்ரவரி 9, மாலை

சீல் பற்றிக் கேட்டதற்குச் சுருக்கமாக. ஓவியர் குத்தியது ஒன்றிரண்டுதான். மீதி எல்லாம் அதை வைத்திருந்தவர்கள், பார்த்தவர்கள் குத்தியது. நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுப்பதுபோல, படம் யார் யார் கை மாறி வந்தது என்று அதில் படித்துவிடலாம். அடக்கமானவர்கள் ஓரத்தில் குத்தினார்கள். 18ஆம் நூற்றாண்டுப் பேரரசர் சியன்லோங்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வானமாக விட்ட வெற்றிடத்தைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். நடுவானத்தில் சீல், பக்கத்தில் சொந்தக் கவிதை. அவரைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, தனியாக வருகிறேன்.

பிப்ரவரி 11

"சரி, காப்பிதான் அடிச்சாங்கன்னு ஒத்துக்கிட்டீங்களே, அப்புறம் என்ன" என்று ஒருவர் போட்டிருக்கிறார்.

நான் சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் வார இறுதித் தூரிகை வகுப்புக்குப் போகிறேன். சேர்ந்த புதிதில் ஆர்க்கிட் இலை மட்டும்தான். முதல் கீற்று நீளமாக. இரண்டாவது அதைக் குறுக்கே வெட்டி, நடுவில் கண் வடிவில் இடம் விட்டுப் போகும். அதற்குப் பெயர் பீனிக்ஸ் கண். மூன்றாவது அந்தக் கண்ணைப் பிளந்துகொண்டு போகும். அவ்வளவே. காகிதம் ஷுவான் என்ற சீனக் காகிதம், அதிலும் படிகாரம் போட்டுப் பதப்படுத்தாதது. தூரிகை ஒரு கணம் தயங்கினால் அந்த இடத்தில் மை பூத்து நிற்கும். அழிக்க முடியாது, மேலே பூசி மறைக்கவும் முடியாது.

ஒரு நாள் எல்லோருடைய தாளையும் ஆசிரியை தரையில் பரப்பிவைத்தார். பெயர் எழுதாத தாள்கள். ஒவ்வொன்றாக எடுத்து உரியவரிடம் கொடுத்துக்கொண்டே வந்தார், ஒன்றுகூட மாறவில்லை. இவர் அவசரக்காரர், இவர் பயந்தவர், இவர் (என்னைத்தான்) அழகாக வர வேண்டும் என்று ரொம்பப் பாடுபடுகிறார். வகுப்பில் ஆளுக்கொரு பூவை வரைந்திருந்தால் பூவைத்தான் பார்த்திருப்போம். எல்லோரும் ஒரே மூன்று கீற்றைப் போட்டதால் ஆள் தெரிந்தது.

ஆயிரம் வருஷம் அதே மூங்கில் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு என் பதில் இதுதான். பொருள் மாறாமல் நிற்பதால்தான் வேறு எல்லாம் தெரிகிறது.

ஓர் உதாரணம். ஜெங் சிஷியாவ் 1306இல் வரைந்த ஆர்க்கிட் ஜப்பானில் ஒசாகா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சின்னப் படம். சில இலைகள், ஒரு பூ. ஆர்க்கிட்டை அதற்கு முன்பும் வரைந்திருக்கிறார்கள், தரையோடு. இவர் படத்தில் தரை இல்லை. செடி அந்தரத்தில் நிற்கிறது. மங்கோலியர் 1279இல் சோங் அரசை முற்றாக முடித்துவிட்டார்கள். மண் எங்கே என்று கேட்டவர்களுக்கு, "அதைத்தான் திருடிக்கொண்டு போய்விட்டார்களே" என்றாராம். படத்தில் ஒரு சொல் அரசியல் கிடையாது. நம் சங்கப் பாட்டில் உள்ளுறை வேலை செய்வதும் இப்படித்தான்: குறிஞ்சியின் யானையும் சுனையும் எல்லோருக்கும் தெரிந்த பொருள், கவிஞன் அதில் எதை விட்டான் எதைச் சேர்த்தான் என்பதில் சேதி இருக்கும்.

பிப்ரவரி 12

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். பூவைவிடக் குதிரையில் இன்னும் பச்சையாகத் தெரியும்.

கோங் காய் (1222–1307) சோங் அரசில் சிறிய பதவியில் இருந்தவர். அரசு போனதும் வறுமை. அவர் வரைந்த குதிரை எலும்பும் தோலும். தலை தொங்கிக் காற்றில் நடக்கிறது. விலா எலும்புகளை எண்ணலாம், 15. சாதாரணக் குதிரைக்கு அவ்வளவு இருக்காது, ஒரே நாளில் ஆயிரம் லி (சீனத் தூர அளவு) ஓடும் குதிரைக்குத்தான் இருக்கும் என்று அவரே எழுதியிருக்கிறார். இந்த எலும்புக்கு இன்று யார் இரங்குவார், மாலை வெயிலில் மணற்கரையில் அதன் நிழல் மலையாக விழுகிறது என்று பக்கத்தில் கவிதை.

அதே காலத்தில் ஜாவ் மெங்ஃபூ (1254–1322). சோங் அரச குடும்பத்து ரத்தம், ஆனால் மங்கோலியரிடம் பதவிக்குப் போனார். அவர் வரைந்த குதிரைகள் கொழுகொழு என்று, குதிரைக்காரன் பக்கத்தில் நிற்க, தோல் பளபளக்க இருக்கும். பதவி தருபவனுக்கு, நல்ல குதிரையை அடையாளம் காண்பதுபோல் நல்ல ஆளை அடையாளம் காணத் தெரிய வேண்டும் என்பது பழைய சீன உவமை. ஆக, அது வேலை கேட்கும் படம், அல்லது வேலையில் இருப்பவனின் படம்.

மூன்றாவது ரென் ரென்ஃபா. நீர்ப்பாசனப் பொறியாளர், அவரும் மங்கோலியர் அரசில் அதிகாரிதான். ஒரே சுருளில் ஒரு கொழுத்த குதிரை, ஒரு மெலிந்த குதிரை. தான் மெலிந்து ஊரைக் கொழுக்க வைப்பவன், ஊரை மெலியவைத்துத் தான் கொழுப்பவன் என்று அவரே விளக்கமும் எழுதிவிட்டார்.

மூன்றும் குதிரைப் படம்தான். மியூசியத்தில் வேகமாக நடந்தால் "அதே குதிரை" என்று தாண்டிப் போயிருப்பீர்கள்.

ஜாவ் மெங்ஃபூவைத் துரோகி என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். பாறையைப் பறக்கும் வெள்ளை என்ற காய்ந்த தூரிகை எழுத்துபோல் எழுது, மரத்தைப் பழைய முத்திரை எழுத்துபோல் எழுது என்று சொல்லி, எழுத்தும் ஓவியமும் ஒரே கை வேலை என்று நிலைநாட்டியவர் அவர். அவருக்குப் பின் வந்த அத்தனை மூங்கிலும் அவருக்குக் கடன்பட்டவை. அவர் மனைவி குவான் தாவ்ஷெங் மூங்கிலில் அவருக்குக் குறைந்தவர் இல்லை.

பிப்ரவரி 12, இரவு

"சிங்கப்பூர்ல இருந்துகிட்டு சீனாவைப் பத்தி அளக்குறாரு" என்ற நண்பருக்கு: சிங்கப்பூரின் 50 வெள்ளி (டாலர்) நோட்டைத் திருப்பிப் பாருங்கள். கொடியில் தொங்கும் இரண்டு கிப்பன் குரங்குகள் சென் வென் ஷி வரைந்தவை. குவாங்டோங்கில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்தவர், வீட்டிலேயே கிப்பன் வளர்த்துப் பார்த்து வரைந்தவர். 13ஆம் நூற்றாண்டுத் துறவி முச்சியின் கிப்பன்தான் அவருக்கு முன்மாதிரி. மறுபடியும் காப்பி!

பிப்ரவரி 14

கடைத்தெருவில் வாங்கிய படத்தில் சிவப்பு வௌவால் இருக்கிறது, வீட்டில் மாட்டலாமா, அபசகுனமா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தாராளமாக மாட்டுங்கள். வௌவாலும் நற்பேறும் சீனத்தில் ஒரே ஒலி, ஃபூ. சிவப்பு என்றால் பெரும் பேறு. ஐந்து வௌவால் என்றால் நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், அறநாட்டம், நோவில்லாத முடிவு என்ற ஐந்து பேறுகள். தலைகீழாகத் தொங்கினால் பேறு வந்து சேர்ந்தது.

மக்கள் வாங்கி மாட்டும் படங்களில் பாதி இப்படிச் சிலேடைதான். மீன் என்றால் மிச்சம், அதனால் புத்தாண்டுக்கு மீன். மான் என்றால் அரசுச் சம்பளம். கொக்கும் தாமரையும் சேர்ந்து நின்றால் எல்லாத் தேர்விலும் வரிசையாகத் தேறு என்று பையனுக்கு வாழ்த்து. பூனை பட்டாம்பூச்சியைத் துரத்தினால் அது பாட்டியின் பிறந்தநாள் பரிசு. இரண்டின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் எண்பது தொண்ணூறு வயது என்ற சொல்லின் ஒலி. குரங்கு குதிரைமேல் ஏறினால் சீக்கிரம் பதவி உயர்வு. அலுவலகத்தில் மாட்டியிருப்பார்கள்.

இதோடு ஆர்க்கிட், மூங்கில், பிளம் பூ, செவ்வந்தி ஆகிய நால்வரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ஒலி இல்லை, குணம். பிளம் இலை உதிர்ந்த குளிரில் பூக்கும், மூங்கில் வளைந்தாலும் ஒடியாது, ஆர்க்கிட் ஆள் இல்லாத பள்ளத்தாக்கிலும் மணக்கும், செவ்வந்தி மற்றப் பூக்கள் முடிந்தபின் பனியில் நிற்கும். வௌவால் உங்களுக்கு ஏதோ கிடைக்கட்டும் என்கிறது. மூங்கில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறது. படித்தவர்கள் முன்னதைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தார்கள். எனக்கு வௌவாலும் பிடிக்கும்.

பிப்ரவரி 17

சியன்லோங் கதை. சொல்கிறேன் என்று விட்டது.

ஹுவாங் கோங்வாங் எண்பதை நெருங்கும் வயதில், 1347இல் ஒரு நீளச் சுருளைத் தொடங்கினார். ஃபூசுன் ஆற்றங்கரை மலைகள், கறுப்பு மை மட்டும். மனம் வந்தபோது கொஞ்சம் கொஞ்சமாக வரைந்து மூன்று ஆண்டு கழித்தும் முடிக்காததால், படத்துக்கு உரிய துறவி வூயோங், "வேறு யாராவது தட்டிக்கொண்டு போவதற்குள் என் பெயரை எழுதிவையுங்கள்" என்றார். எழுதிவைத்தார், 1350.

மூன்று நூற்றாண்டு தாண்டி அது வூ ஹோங்யூ என்பவர் கையில். 1650இல் சாகும் தறுவாயில், தன்னோடு கொண்டுபோக வேண்டும் என்று அதை நெருப்பில் போடச் சொன்னார். அண்ணன் தம்பி மகன் ஒருவர் வேறொரு சுருளை நெருப்பில் போட்டுவிட்டு இதை இழுத்துவிட்டார். அதற்குள் தொடக்கப் பகுதி கருகி, படம் இரண்டு துண்டானது. சின்னத் துண்டு 51.4 செ.மீ., இப்போது ஹாங்ஜோவில் ஜெஜியாங் மாகாண அருங்காட்சியகத்தில். பெரிய துண்டு 636.9 செ.மீ., தைபேயில். 2011இல் தைபேயில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள்.

சியன்லோங்குக்கு 1745இல் இதே படத்தின் நகல் ஒன்று கிடைத்தது. அசல் என்று நம்பி உருகிப்போனார். அடுத்த ஆண்டே உண்மையான பெரிய துண்டும் வந்துசேர்ந்தது. பார்த்துவிட்டு, இது நகல், நன்றாக இருக்கிறது, இருக்கட்டும் என்று தீர்ப்பு எழுதவைத்து உள்ளே வைத்துவிட்டார். பிறகு ஆயுள் முழுக்க அந்தப் போலியை எடுத்து எடுத்துப் பார்த்து 50க்கும் மேற்பட்ட குறிப்புகளை அதன்மேல் எழுதித் தள்ளினார். பின்னாளில் இடமே இல்லை. அசல் அவர் கைக்குத் தப்பிச் சுத்தமாக நமக்குக் கிடைத்தது அவருடைய தப்பான தீர்ப்பால்தான்.

காப்பி அடிப்பது சாதாரணம் என்ற ஊரில் இந்த ஆபத்தும் உண்டு. ஒத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 18

இரண்டாவது யோசனை. இதுவரை நான் எழுதியதைப் படித்தால் சீன ஓவியம் என்பதே மனம் நொந்த படிப்பாளிகள் கறுப்பு மையில் வரைந்தது என்று தோன்றும். அப்படித் தோன்றவைத்தவர் டோங் சிசாங் (1555–1636). பெரிய அதிகாரி, பெரிய சேகரிப்பாளர். கடந்த காலம் முழுவதையும் தெற்குப் பள்ளி, வடக்குப் பள்ளி என்று இரண்டாகக் கிழித்தார். தெற்கு என்றால் மனம்போல் வரையும் அறிஞர்; வடக்கு என்றால் சம்பளத்துக்கு வரையும் தொழிலாளி. திசைக்கும் பிறந்த ஊருக்கும் சம்பந்தமே கிடையாது. நல்லவர்கள் எல்லாம் தற்செயலாக அவர் வகுப்பைச் சேர்ந்தவர்கள்! வரலாற்றை எழுதும் கையும் படம் வரையும் கையும் ஒன்றாக இருந்தால் இப்படித்தான் ஆகும்.

கழித்துக்கட்டிய பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? ஒரு மூலையில் மலையை வைத்துவிட்டு மீதிப் பட்டுத் துணியை வெறுமையாக விட்ட மா யுவான். "ஒரு மூலை மா" என்றே பட்டப்பெயர். பாறையைக் கோடரிவெட்டுக் கீற்றால் செதுக்கிய லி டாங். சம்பளக்காரர்கள்தான். அந்த வெறுமையை எந்த அறிஞரும் மா யுவானைவிட நன்றாக விட்டதில்லை.

ஓவியப் பேரரசர் ஹுய்சோங்கின் அரண்மனையில் ஓவியர்களுக்குத் தேர்வே உண்டு. ஒரு கவிதை வரி கொடுப்பார்கள். "பூ மிதித்துத் திரும்பும் குதிரையின் குளம்பு மணக்கிறது." மணத்தை எப்படி வரைவது? குளம்பைச் சுற்றிப் பட்டாம்பூச்சி பறக்கவிட்டவர் தேறினார் என்று கதை. 1113இல் அதே அரண்மனையில் வாங் ஷிமெங் என்ற பதினெட்டு வயதுப் பையன் கிட்டத்தட்ட 12 மீட்டர் பட்டில் ஆறும் மலையும் வரைந்தான். நீலத்துக்கு அசுரைட், பச்சைக்கு மாலகைட், கல்லை அரைத்த சாயம். அவனைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் சுருளின் கடைசியில் அமைச்சர் ஒருவர் எழுதிய குறிப்பு மட்டும். விரிக்கும்போதெல்லாம் சாயம் உதிரும் என்பதால் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகம் அதை அபூர்வமாகத்தான் வெளியே எடுக்கும், 2017இல் காட்டினார்கள்.

ஆக, "நிறமே இல்லை" என்று போன வாரம் எழுதியவரும் இதைப் பார்க்கட்டும்.

பிப்ரவரி 22

"நொந்த படிப்பாளிகள்" என்று கிண்டலாக எழுதிவிட்டேனே என்று ஷு வெய் (1521–1593) நினைவுக்கு வந்தார். தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர், பலமுறை தற்கொலைக்கு முயன்றவர், மனைவியைக் கொன்று ஏழு ஆண்டு சிறையில் இருந்தவர். அவர் வரைந்த திராட்சைக் கொடி மைத்துளிகளாகச் சொட்டுகிறது. அரை ஆயுள் நொடிந்து கிழவனானேன், தூரிகை ஈன்ற முத்துகளை விற்க இடமில்லை, காட்டுக்கொடியில் வீசிவிட்டேன் என்று மேலே கவிதை, சரிந்து விழும் எழுத்தில். மனைவியைக் கொன்றவர் என்பதை மறக்காமல்தான் அந்தப் படத்தை ரசிக்கிறேன். முடிகிறது, ஏன் என்று விளக்கத் தெரியவில்லை.

முறைத்துப் பார்க்கும் மீன்களை வரைந்தவர் பாதா ஷான்ரென்தானா என்று கேட்டவருக்கு: ஆம், அவருடையவைதான். மிங் அரச வம்சத்துப் பிள்ளை. 1644இல் அரசு கவிழ்ந்ததும் துறவியானார், பிறகு பித்துப் பிடித்தது அல்லது பிடித்ததுபோல் நடந்தார். கையெழுத்தைச் சேர்த்து எழுதும் விதத்தில் "சிரிக்கிறேன்" என்றும் படிக்கலாம், "அழுகிறேன்" என்றும் படிக்கலாம். மீனுக்குச் சுற்றிலும் தண்ணீர் கிடையாது, ஒரு கீற்றுகூட. தரையில்லாத ஆர்க்கிட்டை அவர் அறிந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 23

"அறிஞர்கள் காசுக்கு வரைய மாட்டார்களாமே, அப்போ எப்படிச் சாப்பிட்டார்கள்?" நல்ல கேள்வி, டோங் சிசாங்கைக் கேட்டிருக்க வேண்டும்.

பெரும்பாலும் மறைமுகமாக வாங்கினார்கள். விருந்து, பட்டு, தேநீர், பதிலுக்கு ஒரு படம். இந்த நாடகத்தில் சலித்துப்போனவர் ஜெங் பான்சியாவ் (1693–1765). ஷாண்டோங்கில் வட்டார அதிகாரியாக இருந்தபோது, இரவில் அலுவலக அறையில் மூங்கில் சலசலப்பு மக்களின் துயரக் குரலாகக் கேட்கிறது என்று மூங்கில் படத்தில் எழுதியவர். பதவியை விட்டு யாங்ஜோ போய், உப்பு வியாபாரிகளுக்கு அதே மூங்கிலை விற்றார். 1759இல் வாசலில் விலைப்பட்டியல் மாட்டினார்: பெரிய படம் 6 லியாங் (எடை அளவு) வெள்ளி, நடுத்தரம் 4, சிறியது 2, விசிறி அரை லியாங். பரிசுப் பொருளும் தின்பண்டமும் வெள்ளிக்கு ஈடாகாது, நீங்கள் கொடுப்பது எனக்குப் பிடித்ததாக இருக்கும் என்று நிச்சயமில்லை. ரொக்கம் வந்தால் மனம் குளிரும், படமும் நன்றாக வரும். கடன் கிடையாது. பழைய நட்பைப் பேச ஆரம்பித்தால் காதில் விழாது.

அந்தப் பட்டியலை அவர் எழுதிய எழுத்தும் அழகு. அதையும் பிரதி எடுத்து விற்கிறார்கள்.